வீடியோவுல பாத்துட்டேன், விளையாடி என்ன லாபம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம் மக்களே. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு புது கேம் எதுவும் எடுக்கல, ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். இந்தக் கேள்வி ரெண்டு நாளா என்னை விடல. ஐஸ் கம்பெனியில பார் இறக்கும்போதும் இதே நெனப்பு, சாப்பிட உக்காந்தாலும் இதே நெனப்பு.

தொண்டியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்படியே படிக்கிறேன். "அண்ணே, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்ல மூணு கதை கேம் முடிச்சேன்னு போன வீடியோவுல சொன்னீங்க. அந்த மூணையும் நான் யூடியூப்ல ஒரே ராத்திரியில பாத்து முடிச்சுட்டேன். கதை முழுசா தெரிஞ்சுருச்சு. அப்ப காசு குடுத்து வாங்கி விளையாடி என்ன லாபம்?"

தம்பி கிண்டலா கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறாரு. அதான் எனக்கு இது பிடிச்சிருக்கு. நானும் எட்டு வருஷம் போன்ல அடுத்தவங்க விளையாடுறத பாத்து வளந்தவன்தான். கையில காசு இல்லாதப்ப பாக்குறதுல ஒரு தப்பும் கிடையாது. இன்னொன்னும் சொல்லிடுறேன், சில கேமுக்கு வீடியோவே போதும். அஞ்சு நிமிஷம் துப்பாக்கியால சுட வைப்பான், பத்து நிமிஷம் படம் காட்டுவான், திரும்ப அஞ்சு நிமிஷம் சுட வைப்பான். அதுல கதை ஒரு பக்கம் கிடக்கும், நம்ம கை ஒரு பக்கம் கிடக்கும். அத பாத்தா என்ன, விளையாண்டா என்ன.

ஆனா நான் முடிச்ச மூணும் அந்த வகை இல்ல. ஒண்ணொண்ணா சொல்றேன். கதையோட முடிவெல்லாம் வரும், தெரிஞ்சுக்க வேணாம்னு நெனைக்கிறவங்க இத்தோட நிறுத்திட்டு, முடிச்சுட்டு வந்து பாருங்க.

முதல்ல 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்'. 2013ல வந்தது. செஞ்சவரு யோசப் ஃபாரஸ், லெபனான்ல பொறந்து ஸ்வீடன்ல சினிமா எடுத்துக்கிட்டு இருந்தவரு. அப்பாவுக்கு உடம்புக்கு முடியல, மருந்துக்குத் தண்ணி எடுத்துட்டு வர அண்ணனும் தம்பியும் கெளம்புறாங்க, அவ்வளவுதான் கதை. நம்ம பாட்டிமார் சொல்ற கதை மாதிரிதான். அதுல பேசுறது எந்த நாட்டு பாஷையும் இல்ல, அவங்களா உண்டாக்குன ஒரு பாஷை. இங்கிலீஷ் தெரியலையேன்னு ஒதுங்குறவங்களுக்கு நான் எப்பவும் முதல்ல இதைத்தான் சொல்லுவேன். லண்டன்ல இருக்கிறவனுக்குப் புரியாதது நமக்கும் புரியாது, அவனுக்குப் புரியுறது நமக்கும் புரியும்.

விஷயம் கன்ட்ரோலர்லதான் இருக்கு, ரெண்டு கையாலயும் பிடிச்சு விளையாடுற கருவி அது. கட்டவிரலால நகத்துற ஸ்டிக் அதுல ரெண்டு இருக்கும். இடது ஸ்டிக் அண்ணன், வலது ஸ்டிக் தம்பி. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல நாமதான் நடத்தணும். ஆரம்பத்துல இவன் இங்கிட்டு போவான், அவன் அங்கிட்டு போய் செவுத்துல முட்டுவான். ஒரு மணி நேரம் போனா இடது கைன்னா அண்ணன், வலது கைன்னா தம்பின்னு கை பழகிரும். அந்தச் சின்னவனுக்குத் தண்ணின்னா பயம், அம்மா தண்ணியில போயிட்டாங்க. அதனால ஆறு குறுக்க வந்தா அண்ணன் நீந்துவான், தம்பி அவன் முதுகப் பிடிச்சுக்குவான். இடது கை நீந்தும், வலது கை பிடிச்சுக்கும்.

கடைசியில அண்ணன் செத்துப் போறான். தம்பி மட்டும் திரும்பி வர்றான். ஆறு வருது. வலது கையில என்ன அமுக்குனாலும் அவன் கரையிலயே நிக்கிறான், எறங்க மாட்டேங்குறான். என்ன செய்யிறதுன்னு தெரியாம, அண்ணனுக்கு அமுக்குற இடது பட்டன அமுக்குனேன். பையன் தண்ணியில எறங்கி நீந்துறான்.

தம்பி, நீங்க வீடியோவுல என்ன பாத்திருப்பீங்க? ஒரு பையன் தயங்குறான், அப்புறம் நீந்துறான். கதை அதுதான், நீங்க பாத்தது சரிதான். ஆனா எனக்கு அந்த நேரத்துல இடது கை விரல் சும்மா கெடந்துச்சு. மூணு மணி நேரமா அண்ணன நடத்துன கை, அவன் போன பிறகு செய்ய வேலையில்லாம கெடந்த கை. உதவின்னு அந்தக் கையை எடுத்தேன் பாருங்க, அப்பத்தான் கதை எனக்குள்ள எறங்குச்சு. கண்ணால பாத்து அது வராது.

என் கன்ட்ரோலர் டிரிஃப்ட் பத்தி ஏற்கனவே ஒரு வீடியோ போட்டிருக்கேன், பழைய ஆளுங்களுக்குத் தெரியும். கடக்கரையில எதுவும் நெலைக்காது, உப்புக் காத்து எல்லாத்துலயும் புகுந்துரும். என்னோடதுல இடது ஸ்டிக் தொடாமலே லேசா நகரும். அதனால அண்ணன்காரன் நான் சொல்லாமலே ரெண்டடி முன்னாடி போயி நிப்பான், தம்பிக்கு வழி பாக்குற மாதிரி. அண்ணன் செத்த பிறகும் அந்த ஸ்டிக் நகந்துக்கிட்டுதான் இருந்துச்சு, திரையில ஆள் இல்ல. கொஞ்ச நேரம் விளையாட்ட நிறுத்திட்டு வெளிய திண்ணையில போயி உக்காந்துட்டேன்.

ரெண்டாவது 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்', 2017. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும். ஒரே குடும்பத்துல ஒவ்வொருத்தரா எப்படிச் செத்தாங்கன்னு கதை, ஆளுக்கொரு விதமா விளையாட வைப்பாங்க. நான் சொல்ல வர்றது லூயிஸ்ங்கிற பையனோட பகுதி. அவனுக்கு மீன டின்ல அடைக்கிற கம்பெனியில வேலை. வலது ஸ்டிக்கால மீன எடுக்கணும், கத்திக்கு அடியில தள்ளணும், தல துண்டாகும், பெல்ட்ல தூக்கிப் போடணும். அடுத்த மீன். அதுக்கடுத்த மீன். வேலை அவ்வளவுதான். இதுக்கு நடுவுல அவன் மனசுல ஒரு ராஜ்யம் வருது. அதுல நடந்து போறதுக்கு இடது ஸ்டிக். முதல்ல திரையில ஒரு ஓரத்துல சின்னதா தெரியும், போகப் போகப் பெருசாகி மீனையே மறைச்சுரும். ஆனாலும் மீன் வந்துக்கிட்டே இருக்கும், வலது கை வெட்டிக்கிட்டே இருக்கணும்.

நான் இத விளையாடும்போது அம்மா பின்னால உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. அம்மாவுக்கு நண்டு கம்பெனியில வேலை, பதினாலு வருஷமா. அவிச்ச நீலக்கால் நண்ட மேசையில கொட்டுவாங்க, சின்னக் கத்திய வச்சு ஓட்டப் பிரிச்சு சதைய உடையாம எடுக்கணும், கிலோ கணக்குக்குக் கூலி. "இங்க குடு"ன்னு கையை நீட்டுச்சு. கன்ட்ரோலர ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டோம். இடது பக்கம் நான், வலது பக்கம் அம்மா.

முதல் பத்து மீனுக்கு அது கண்ணு கத்தியிலயே இருந்துச்சு. அப்புறம் கண்ணு மேல போயிருச்சு, ராஜ்யத்தைப் பாக்குது, கோட்டையைப் பாக்குது, படகுல போறதைப் பாக்குது. கட்டவிரல் மட்டும் தன்னால போகுது, தள்ளுது, வருது. ஒரு மீன் கூட தவறல. அந்த விரல் ஓரத்துல நண்டு முள்ளு குத்துன தழும்பு வரிசையா இருக்கும், அது ஸ்டிக் மேல போயி வர்றத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நான்தான் இடது பக்கம் ரெண்டு தடவ செவுத்துல முட்டுனேன்.

அம்மா திரும்பாமலே சொல்லுச்சு: "இப்படித்தான்டா. கை அது பாட்டுக்கு உரிக்கும். நான் உங்க அக்கா கல்யாணத்த நடத்திக்கிட்டு இருப்பேன். பந்தி போட்டு முடிச்சுட்டு நிமிந்து பாத்தா கூடை காலியா இருக்கும்."

பதினாலு வருஷத்துல அம்மா கம்பெனி வேலையைப் பத்தி என்கிட்ட சொன்னது கூலி எவ்வளவு, கை எவ்வளவு வலிக்குது, இதுதான். கல்யாணம் நடத்துன கதை அன்னைக்குத்தான் வந்துச்சு. லூயிஸ் கதை எப்படி முடியுதுன்னு நான் சொல்லல, அம்மாவுக்கும் அன்னைக்கு அந்த முடிவக் காட்டல. தண்ணி வேணும்னு சொல்லி எந்திரிச்சு கன்ட்ரோலர வாங்கிக்கிட்டேன்.

இத நான் திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. 'வெண்பா'ங்கிற கேம் பத்திப் பேசுனப்பவும் இதேதான் சொன்னேன். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா எழுதி வச்ச சமையல் நோட்டு கிழிஞ்சு கிடக்கு, இட்லித் தட்ட எப்படி அடுக்குனா ஆவி மேல ஏறும்னு நாமதான் கண்டுபிடிக்கணும். தட்ட அடுக்குன கைக்குத்தான் அந்தக் குடும்பம் சொந்தமாகுது. பாக்குறவங்களுக்கு அது யாரோ வீட்டு அடுப்படி.

சரி, மூணாவது. தம்பி, உண்மையைச் சொன்னா நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வியே இங்கதான் இருக்கு. "அண்ணே, ஓப்ரா டின்ல அறுபது பேரையும் எழுதி முடிச்சீங்களா?"ன்னு யாராவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் கேக்கல, நானே சொல்றேன்.

'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்', 2018. லூக்காஸ் போப்னு ஒருத்தரு தனி ஆளா செஞ்சது. வெறும் கருப்பு வெள்ளை, புள்ளி புள்ளியா வரைஞ்ச படம். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் ஒண்ணு 1802ல லண்டன்ல இருந்து கெளம்புது, கற்பனைக் கப்பல்தான். 1807ல ஆளே இல்லாமத் திரும்பி வருது. நாம இன்சூரன்ஸ் கணக்கு பாக்க வந்த ஆளு. கையில ஒரு மந்திரக் கடிகாரம், செத்தவன் எலும்புகிட்ட கொண்டு போனா அவன் உயிர் போன அந்த ஒரு நொடி அப்படியே உறைஞ்சு நிக்கும், நாம உள்ள நடந்து பாக்கலாம். பாத்துட்டு நோட்டுல எழுதணும்: இவன் பேரு என்ன, எப்படிச் செத்தான், யாரு கொன்னது. மூணு பேரச் சரியா எழுதுனாத்தான் அது சரின்னு சொல்லும். மொத்தம் 60 பேரு.

இந்தக் கேம மட்டும் வீடியோவுல பாத்தீங்கன்னா முடிஞ்சது கதை. விடை தெரிஞ்ச பிறகு கண்டுபிடிக்க என்ன இருக்கு? தேடுறதுதான் அதுல கதையே.

ஒரு இடம் சொல்றேன். கீழ்த்தட்டுல ஆளுங்க தூளியில தூங்குறாங்க. மூஞ்சி தெரியாது. தூளியில ஒரு நம்பர் இருக்கு, கப்பல் ஆளுங்க பட்டியல்லயும் நம்பர் இருக்கு. சிலருக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பாதமும் சூவும்தான் அடையாளம். மூணு ராத்திரி நான் பாதங்களத்தான் பாத்தேன். பட்டியல்ல பேருக்குப் பக்கத்துல நாடும் எழுதியிருக்கும். சில பேருக்கு இந்தியான்னு இருக்கு. அதப் பாத்ததும் கை நின்னு போச்சு. 1795ல நம்ம ராமநாதபுரம் ராஜா முத்துராமலிங்க சேதுபதியப் பிடிச்சு ஜெயில்ல வச்ச அதே கம்பெனி. ஏழு வருஷம் கழிச்சு அவங்க கப்பல்ல நம்ம ஆளுங்க கயிறு இழுக்குறாங்க. கதைதான், ஆனா நம்ம பக்கத்து ஆளுங்க அப்படிக் கப்பல் வேலைக்குப் போனது கதை இல்ல.

அன்னைக்கு கரண்டு போயி வந்த நேரம், அப்பத்தா தூக்கம் வராம வந்து உக்காந்துச்சு. என்னடா எழுதுறன்னு கேட்டுச்சு. கேமுக்குன்னு நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்கேன். கப்பல்ல செத்தவங்க பேரக் கண்டுபிடிச்சு எழுதுறேன்னு சொன்னேன். "எல்லாரு பேரும் எழுதுவீங்களா?"ன்னு கேட்டுச்சு. ஒருத்தர் விடாம எழுதணும் அப்பத்தா, அப்பத்தான் முடியும்னு சொன்னேன்.

அது கொஞ்ச நேரம் பேசல. 1964 டிசம்பர்ல அப்பத்தாவுக்குப் பத்து வயசு. 22ஆம் தேதி ராத்திரி பாம்பன்ல இருந்து போன 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிய நெருங்கும்போது புயல்ல அலை அடிச்சுக் கவுத்துருச்சு, உங்க எல்லாருக்கும் தெரியும். டிக்கெட் எடுக்காம ஏறுனவங்களும் உண்டு, அதனால எத்தன பேருங்கிறதே இன்னைக்கு வரைக்கும் ஆளுக்கொரு கணக்கு. அப்பத்தாவோட தாய்மாமன் அந்த வண்டியில போனாரு. டிக்கெட் எடுத்தாரான்னு வீட்டுல யாருக்கும் தெரியாது.

மாமன் பேர அப்பத்தா சொல்லுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு, எழுத்து சரியா வரணும்னு. ஓப்ரா டின் நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். அறுபது பேரையும் முடிச்சது அதுக்கு நாலு நாள் கழிச்சு.

தம்பி, ஓப்ரா டின் உங்களுக்குக் கெட்டுப் போச்சு. பரவாயில்ல, நாலஞ்சு வருஷம் அந்தப் பக்கம் போகாதீங்க, மறந்துரும். ஆனா பிரதர்ஸ் இன்னும் கெடல, உங்க கை இன்னும் அதப் பாக்கல. தள்ளுபடி விலையில வரும்போது வாங்குங்க, போன்லயும் வந்திருக்கு, ஆனா கன்ட்ரோலர்ல விளையாடுங்க. கன்ட்ரோலர் இல்லைன்னா தொண்டியில இருந்து பஸ் ஏறி மண்டபம் வாங்க, என்னோடதத் தர்றேன். இடது ஸ்டிக் தானா நகரும், அண்ணன் கொஞ்சம் முன்னாடி போவான், அத மட்டும் மாத்த வேணாம்.