அட்டாச்மெண்டோட மெயில் அனுப்புற கோட்: முதல்ல கட்டுங்க, அப்புறம் அனுப்புங்க

எல்லாருக்கும் வணக்கம். நீங்க எழுதின டெஸ்க்டாப் புரோகிராம்ல ஒரு பட்டனை அழுத்தினா, பிடிஎஃப் இணைச்ச மெயில் ஒண்ணு போய்ச் சேரணும். இன்னைக்கு அதைத்தான் பாக்கப் போறோம். பைத்தான்ல காட்டுறேன். சி ஷார்ப் எழுதுறவங்களுக்கும் நடுவுல ரெண்டு மூணு விஷயம் சொல்றேன்.

கோடைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. முழுசையும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள அடைக்காதீங்க, ரெண்டா பிரிங்க. ஒரு ஃபங்ஷன் மெயிலைக் கட்டணும், இன்னொண்ணு கட்டினதை சர்வர்கிட்ட ஒப்படைக்கணும். பிடிஎஃப் திறக்க மாட்டேங்குது, ஃபைல் பேர் நோநேம்னு வருதுங்கிறதெல்லாம் கட்டும்போது நடந்த தப்பு. சர்வர் லாகினை மறுத்து 535-னு எர்ரர் வருது, புரோகிராம் அப்படியே நிக்குதுன்னா அது ஒப்படைக்கும்போது நடந்த தப்பு. ரெண்டும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள கலந்து கிடந்தா, எந்தப் பக்கம் தேடுறதுன்னே புரியாது. பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருப்பீங்க, தப்பு ஃபைல் பேர்ல இருக்கும்.

சரி, கட்டுறதைப் பாப்போம். பழைய உதாரணங்கள்ல மைம் மல்டிபார்ட், மைம் பேஸ், என்கோடர்ஸ்னு நாலஞ்சு இம்போர்ட் இருக்கும். அது இப்போ தேவையில்லை. இமெயில் டாட் மெசேஜ் மாட்யூல்ல இருக்கிற இமெயில்மெசேஜ் கிளாஸ் ஒண்ணே போதும். சப்ஜெக்ட், ஃப்ரம், டூ மூணையும் டிக்‌ஷனரியில போடுற மாதிரி போடுங்க. அதுக்கு அப்புறம் வரிசை ரொம்ப முக்கியம்: முதல்ல செட் கன்டென்ட், அதாவது சாதாரண எழுத்து. ஹெச்டிஎம்எல் வேணும்னா அடுத்து ஆட் ஆல்டர்நேட்டிவ். எல்லாத்துக்கும் கடைசியா ஆட் அட்டாச்மெண்ட். இந்த வரிசையை மாத்தினா எர்ரர்தான். அட்டாச்மெண்ட் சேர்த்தப்புறம் செட் கன்டென்ட் கூப்பிட்டா டைப்எர்ரர் வரும், ஆல்டர்நேட்டிவ் கூப்பிட்டா வேல்யூஎர்ரர் வரும். ஏன்னா அட்டாச்மெண்ட் சேர்ந்த நிமிஷமே அந்த மெயில் பல பாகம் உள்ள பொட்டலமா மாறிடுது. அதுக்கு மேல "இதோட உள்ளடக்கம் இதுதான்"னு ஒத்தை எழுத்தை வைக்க இடமில்லை.

ஆட் அட்டாச்மெண்டுக்கு ஃபைலோட பாதையைக் கொடுக்கக் கூடாது, பைட்ஸைக் கொடுக்கணும். பாத்லிப் வச்சு ரீட் பைட்ஸ் பண்ணுங்க. கூடவே மெயின்டைப், சப்டைப் ரெண்டும் கட்டாயம். பிடிஎஃப்னா அப்ளிகேஷன், பிடிஎஃப். எந்த ஃபைல் வரும்னு முன்கூட்டியே தெரியாதுன்னா மைம்டைப்ஸ் மாட்யூல்ல கெஸ் டைப் இருக்கு. அது ரெண்டு விடை தரும், டைப்பும் என்கோடிங்கும். டார் டாட் ஜிஇசட் மாதிரி சுருக்கின ஃபைலுக்கு ரெண்டாவது விடை ஜிஜிப்னு வரும். அப்படி ரெண்டாவதுல ஏதாவது வந்தாலோ, முதல் விடை None-னு (ஒண்ணும் இல்லைன்னு) வந்தாலோ, அப்ளிகேஷன் ஆக்டெட் ஸ்ட்ரீம், அதாவது வகை சொல்லாத வெறும் பைட்ஸ்னு போட்டுடுங்க. விண்டோஸ்ல இந்த மாட்யூல் ரெஜிஸ்ட்ரியையும் படிக்கும். அதனால எக்செல் இருக்கிற மெஷின்ல சிஎஸ்வி ஃபைலை எக்செல் ஃபைல்னு சொல்லும், இல்லாத மெஷின்ல டெக்ஸ்ட்னு சொல்லும். உங்க புரோகிராம் எப்பவும் நாலே வகை ஃபைல்தான் அனுப்பும்னா, கெஸ் பண்ணாம நீங்களே ஒரு சின்ன டிக்‌ஷனரி வச்சுக்கோங்க. அதுதான் நம்பகமானது.

ஃபைல்நேம்ல பேரை மட்டும் கொடுங்க, முழுப் பாதை வேண்டாம். பாத் ஆப்ஜெக்ட்ல டாட் நேம் போட்டா பேர் மட்டும் கிடைக்கும். முழுப் பாதையைக் கொடுத்தா உங்க யூசரோட ஃபோல்டர் பேர் எல்லாம் மெயிலோட சேர்ந்து வெளிய போயிடும். தமிழ்ல பேர் வச்ச ஃபைலுக்கு இமெயில்மெசேஜ் தானாவே முறைப்படி என்கோட் பண்ணிக்கும். பழைய முறையில ஹெடரைக் கையால ஒட்டுறவங்களுக்குத்தான் ஜிமெயில்ல நோநேம்னு வர்ற பிரச்சினை.

இன்னும் ரெண்டு ஹெடர் இருக்கு, இந்த கிளாஸ் தானா சேர்க்காது: டேட், மெசேஜ் ஐடி. இமெயில் டாட் யூட்டில்ஸ்ல ஃபார்மட்டேட், மேக் மெசேஜ்ஐடினு ரெண்டு ஃபங்ஷன் இருக்கு, எடுத்துக்கோங்க. மேக் மெசேஜ்ஐடிக்கு டொமைன் கொடுக்காம விட்டா, உங்க யூசரோட கம்ப்யூட்டர் பேரையே எடுத்து ஐடியில போட்டுடும். அனுப்புற மெயில் முகவரியில அட் குறிக்கு அப்புறம் வர்ற டொமைனைக் கொடுத்துடுங்க.

இப்போ மெயில் தயார். சர்வர் பக்கம் இன்னும் போக வேண்டாம். திரையில இந்த வரியைப் பாருங்க. ஆஸ் பைட்ஸ் கூப்பிட்டு, வர்றதை அப்படியே டாட் இஎம்எல் எக்ஸ்டென்ஷன் வச்ச ஃபைலா எழுதுறேன். அதை டபுள் கிளிக் பண்ணினா தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ, மெயில் வந்த மாதிரியே திறக்கும். அட்டாச்மெண்டைத் திறந்து பாருங்க. பேர் சரியா இருக்கா, தமிழ் எழுத்து உடையாம இருக்கா, பிடிஎஃப்போட கடைசிப் பக்கம் வரைக்கும் வருதா? எல்லாம் சரின்னா கட்டுற வேலை முடிஞ்சது. இதுக்கு அப்புறம் என்ன எர்ரர் வந்தாலும் அது நெட்வொர்க் பக்கம்னு நிச்சயமா சொல்லலாம்.

பிடிஎஃப் பாதியில நிக்குதா? அந்த ரிப்போர்ட்டை எழுதுற கோட் ஃபைலை மூடுறதுக்கு முன்னாடியே நீங்க படிச்சிருக்கீங்க. எழுதுற கோடை வித் பிளாக்குக்குள்ள வையுங்க, பிளாக் முடிஞ்சப்புறம் படிங்க. சி ஷார்ப்ல இதுக்கு நேர் எதிரான பிரச்சினை வரும். அட்டாச்மெண்ட் ஆப்ஜெக்டுக்கு ஃபைல் பாதையைக் கொடுத்தா, மெயில்மெசேஜை டிஸ்போஸ் பண்ற வரைக்கும் ஃபைலைப் பிடிச்சு வச்சுக்கும். அனுப்பிட்டு தற்காலிக ஃபைலை அழிக்கப் போனா, வேற புராசஸ் பயன்படுத்துதுன்னு எக்ஸெப்ஷன் வரும். அந்த வேற புராசஸ் உங்க புரோகிராமேதான். யூசிங் போட்டா தீர்ந்தது.

அடுத்தது அளவு. மெயிலை சர்வர்கிட்ட ஒப்படைக்கிற முறைக்குப் பேர் எஸ்எம்டிபி. அது 1982-ல வந்தப்போ 7 பிட் எழுத்து மட்டும் போறதுக்குன்னு வகுத்த முறை. அதுல எந்த ஃபைலையும் அனுப்ப வழி பண்ணினது 1992-ல வந்த மைம். உங்க பிடிஎஃப்போட ஒவ்வொரு 3 பைட்டையும் பேஸ்64 முறையில 4 எழுத்தா மாத்துறோம். 76 எழுத்துக்கு ஒரு தடவை வரி முறியும், அதுக்கு 2 பைட். கூட்டிப் பாத்தா ஃபைல் ஏறக்குறைய 37 சதவீதம் பெருக்கும். 10 எம்பி ஃபைல் கம்பியில போகும்போது 13.7 எம்பி. சர்வர் மொத்த மெயிலுக்கு 20 எம்பி வரம்பு வச்சிருந்தா, உண்மையில நீங்க அனுப்ப முடிஞ்ச ஃபைல் 14.6 எம்பிதான். யூசர் 18 எம்பி ஃபைலை இணைச்சிட்டு, "20 வரைக்கும் போகும்னு சொன்னாங்களே"ன்னு கேக்குறதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வரம்பை நீங்களா ஊகிக்க வேண்டாம், சர்வரே சொல்லும். இணைஞ்சு இஹெலோ, அதாவது முதல் வணக்கம் சொன்னதும் சைஸ்னு ஒரு எண் அனுப்பும். பைத்தான்ல மெயில் அனுப்புற மாட்யூலான எஸ்எம்டிபிலிப்ல இஎஸ்எம்டிபி ஃபீச்சர்ஸ் டிக்‌ஷனரியில சைஸ்ங்கிற சாவிக்குக் கீழ இருக்கும். கட்டின மெயிலோட நீளத்தை அதோட ஒப்பிட்டு, கூடுதலா இருந்தா அனுப்புறதுக்கு முன்னாடியே யூசருக்குச் சொல்லிடுங்க. நீளம் பாக்கும்போது ஆஸ் பைட்ஸுக்குள்ள பாலிசி எஸ்எம்டிபினு கொடுங்க. அப்போதான் வரி முடிவுகள் கம்பியில போற மாதிரியே ரெண்டு பைட்டா எண்ணப்படும். ஆனா இது உங்க சர்வரோட வரம்பு. வாங்குறவங்க சர்வர் இதைவிடக் குறைவா வச்சிருந்தா, மெயில் போன மாதிரி போயிட்டு, 552-னு ஒரு மறுப்பு மெயில் அனுப்பினவரோட இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும். உங்க கோடுக்கு அது தெரியவே தெரியாது.

இனி ஒப்படைக்கிறது. போர்ட் எண்ணுல நிறைய பேர் தடுக்கி விழறாங்க. 587-ல சாதாரண இணைப்பா தொடங்கி, ஸ்டார்ட் டிஎல்எஸ் சொல்லி, டிஎல்எஸ்ங்கிற மறைகுறியாக்கின பாதுகாப்பான இணைப்பா மாத்தணும். 465-ல தொடங்கும்போதே டிஎல்எஸ். 25 சர்வருக்கும் சர்வருக்கும் இடையில உள்ளது, டெஸ்க்டாப் புரோகிராம் அதைத் தொட வேண்டாம். 465-க்கு சாதாரண எஸ்எம்டிபி கிளாஸைப் பயன்படுத்தினா புரோகிராம் பேசாம நிக்கும். ரெண்டு பக்கமும் அடுத்தவர் பேசட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும். 587-க்கு எஸ்எம்டிபி எஸ்எஸ்எல் கிளாஸைப் போட்டா ராங் வெர்ஷன் நம்பர்னு வரும். அதைப் பாத்து டிஎல்எஸ் பதிப்பைத் தேடிப் போகாதீங்க, போர்ட்டை மாத்துங்க. டாட்நெட்ல இருக்கிற பழைய எஸ்எம்டிபிகிளையண்டுக்கு 465 முறை தெரியவே தெரியாது. புதுசா எழுதுறதுக்கு அதை எடுக்க வேண்டாம்னு மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்லுது. மெயில்கிட் லைப்ரரியை எடுங்க.

டைம்அவுட் கட்டாயம் கொடுங்க, 30 விநாடி வையுங்க. கொடுக்கலைன்னா எஸ்எம்டிபிலிப் முடிவே இல்லாம காத்திருக்கும். ஸ்டார்ட் டிஎல்எஸுக்குள்ள எஸ்எஸ்எல் மாட்யூலோட கிரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்டைக் கொடுங்க. சும்மா விட்டா சர்வரோட சான்றிதழைச் சரிபார்க்காமலே விட்டுடும். நடுவுல யாராவது சர்வர் மாதிரி நடிச்சா, பாஸ்வேர்டு நேரா அவங்க கைக்குப் போயிடும்.

லாகின்ல ஜிமெயில் 535-னு சொன்னா, பெரும்பாலும் யூசர் தன் சாதாரண பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பார். 2022 மே மாசத்துல இருந்து அது தனிநபர் கணக்குக்குச் செல்லாது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும். கணக்கோட முக்கிய பாஸ்வேர்டை மாத்தினா ஆப் பாஸ்வேர்டு எல்லாம் ரத்தாகிடும். நேத்து வரைக்கும் போன மெயில் இன்னைக்குப் போகலைன்னா முதல்ல இதைக் கேளுங்க. அவுட்லுக் டாட் காம் தனிநபர் கணக்குல 2024 செப்டம்பர் 16-க்கு அப்புறம் வெறும் பாஸ்வேர்டே எடுக்காது, ஓஆத் வேணும். பிரவுசரைத் திறந்து அனுமதி வாங்கி, டோக்கனை வச்சு லாகின் பண்றது. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

தயவு செஞ்சு பாஸ்வேர்டை கோடுக்குள்ள எழுதாதீங்க. எக்ஸ்இ ஆக்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறது தப்பு. பைஇன்ஸ்டாலர் கட்டின எக்ஸ்இயைப் பிரிச்சு உள்ள இருக்கிறதை எடுக்க கருவிகள் இலவசமாவே இருக்கு. நூறு பேருக்குக் கொடுத்த புரோகிராம்ல உங்க ஒரே பாஸ்வேர்டு இருந்தா, நூறு பேரும் உங்க பேர்ல மெயில் அனுப்பலாம். யூசர் தன் கணக்கைத் தானே கொடுக்கட்டும். கீரிங் மாட்யூல் வச்சு விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜர்லயோ மேக் கீசெயின்லயோ சேமிங்க. கோட்ல ரெண்டு வரிதான்.

சென்ட் மெசேஜ் கூப்பிடும்போது பிசிசி ஹெடரை அதுவே நீக்கிட்டு, அந்த முகவரிக்கும் அனுப்பும். அதுல கவலை இல்லை. ஆனா அது திருப்பித் தர்ற டிக்‌ஷனரியைப் பாக்காம விட்டுடாதீங்க. 5 பேருக்கு அனுப்பி, ஒருத்தர் முகவரியை சர்வர் மறுத்தா எக்ஸெப்ஷன் வராது. மறுத்த முகவரி அந்த டிக்‌ஷனரியில மட்டும்தான் இருக்கும். அத்தனை பேரையும் மறுத்தாத்தான் எக்ஸெப்ஷன். நீங்க டிக்‌ஷனரியைப் பாக்காம, அனுப்பியாச்சுன்னு பச்சை டிக் காட்டினா, அந்த ஒருத்தருக்கு மெயில் போகலைன்னு யாருக்குமே தெரியாது.

அட்டாச்மெண்ட் பெருசா இருந்தா அனுப்ப அரை நிமிஷம் கூட ஆகலாம். அதை பட்டன் கிளிக்குக்குள்ளேயே பண்ணினா விண்டோ உறைஞ்சு போய் நாட் ரெஸ்பாண்டிங்னு வரும், யூசர் மறுபடி மறுபடி அழுத்துவார். அனுப்புறதைத் தனி த்ரெட்ல ஓட்டுங்க, பட்டனை அது வரைக்கும் முடக்கி வையுங்க. த்ரெட்டுக்குள்ள இருந்து லேபிளையோ பட்டனையோ நேரடியா மாத்தாதீங்க. விடையை ஒரு க்யூவுல போட்டு, விண்டோவை டிகின்டர்ல எழுதியிருந்தா அதோட ஆஃப்டர் ஃபங்ஷனை வச்சு 100 மில்லி விநாடிக்கு ஒரு தடவை மெயின் த்ரெட்ல எடுத்துக் காட்டுங்க. டீமன் த்ரெட்டா, அதாவது புரோகிராம் முடிஞ்சதும் தானும் நின்னுடுற த்ரெட்டா இருந்தா, விண்டோவை மூடின உடனே மெயில் பாதியில அறுந்துடும். அதனால மூடுற நிகழ்வுல, அனுப்பிக்கிட்டு இருக்கு, காத்திருங்கன்னு நிறுத்தி வையுங்க.

மறுபடி முயற்சி பண்றதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மெயில் முழுசும் போய், சர்வர் 250-னு பதில் சொல்றதுக்கு முன்னாடி இணைப்பு அறுந்தா, போச்சா இல்லையான்னு உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. திரும்ப அனுப்பினா சில சமயம் ரெண்டு போகும். அப்போ மெயிலைப் புதுசா கட்டாதீங்க. முதல்ல கட்டின அதே மெயிலை, அதே மெசேஜ் ஐடியோட அனுப்புங்க. ஒரே மெயில்தான் ரெண்டு தடவை வந்திருக்குன்னு கண்டுபிடிக்க அந்த ஐடிதான் வழி. 4-ல தொடங்குற எண் வந்தா கொஞ்ச நேரம் கழிச்சு முயற்சி பண்ணலாம். 5-ல தொடங்கினா அதே மெயிலை அப்படியே அனுப்பிப் பயனில்லை, எதையாவது திருத்தணும்.

சோதிக்கும்போது உண்மையான கணக்குக்கு அனுப்பிக்கிட்டே இருக்காதீங்க, கணக்கை முடக்கிடுவாங்க. ஏஐஓஎஸ்எம்டிபிடிங்கிற சின்ன மெயில் சர்வரை இன்ஸ்டால் பண்ணி, லோக்கல்ஹோஸ்ட்ல 1025 போர்ட்ல ஓட்டுங்க. வர்ற மெயிலை எங்கேயும் அனுப்பாம அப்படியே டெர்மினல்ல காட்டும். அதுல டிஎல்எஸும் லாகினும் இருக்காது, அதனால அந்த ரெண்டு வரியையும் ஒரு செட்டிங் வச்சு தாண்டிப் போற மாதிரி எழுதிக்கோங்க. திரையில ஓடுற அந்த நீளமான பேஸ்64 எழுத்துதான் உங்க பிடிஎஃப். கீழ ஓட்டிக்கிட்டே வந்தீங்கன்னா, மெயிலோட பாகங்களைப் பிரிக்கிற பவுண்டரி வரி ரெண்டு ஹைஃபனோட முடியுது பாருங்க, அங்கதான் மெயில் முடியுது.