வறட்சியின் மேல் போட்ட பழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஜேன் ஹார்ப்பர் எழுதி 2016இல் வெளிவந்த ‘தி டிரை’ என்னும் ஆஸ்திரேலிய மர்ம நாவலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மெல்போர்னில் பத்திரிகையாளராக இருந்தவருக்கு இது முதல் நாவல். அச்சேறும் முன்பே, 2015இல், கைப்பிரதியாகவே விக்டோரியா மாநில முதல்வரின் இலக்கிய விருதைப் பெற்றது.

கதை நடக்கும் கீவாரா, விக்டோரியாவின் உட்பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட சிற்றூர். அங்கே இரண்டு ஆண்டுகளாக மழை இல்லை. லூக் ஹேட்லர் என்ற விவசாயி மனைவியையும் ஆறு வயது மகனையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டதாக ஊர் முடிவுகட்டிவிட்டது. கைக்குழந்தை மட்டும் உயிரோடு இருக்கிறது. இறுதிச் சடங்குக்கு வருகிறார் பால்ய நண்பர் ஆரன் ஃபால்க், மெல்போர்னில் நிதிக் குற்றங்களை விசாரிக்கும் காவல் அதிகாரி.

இந்நாவலில் என்னை ஆட்கொண்டது ஒன்றுதான். வறட்சியை வெறும் பின்புலமாக வைக்காமல், பொய்யை நம்பவைக்கும் காரணமாகவே ஹார்ப்பர் ஆக்கியிருக்கிறார். முதல் பக்கத்திலேயே பிணத்தை மொய்க்கும் ஈக்கள் வருகின்றன. தீனி போட வழியின்றி விவசாயிகள் தங்கள் கால்நடைகளைத் தாங்களே சுட்டுத் தள்ளும் காலமாதலால், அந்த ஈக்களுக்கு மனித உடலும் இன்னொரு இரைதான். மாட்டைச் சுட்டவன் மனம் உடைந்து குடும்பத்தையும் சுட்டிருப்பான் என்று ஊரார் எண்ணிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு கடனும் கவலையுமாக இருக்கும் அவர்களுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த சார்ஜென்ட் ராக்கோவுக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது: சுடப்பட்ட தோட்டாக்கள் லூக் வழக்கமாக வாங்கிய நிறுவனத்தின் தோட்டாக்கள் அல்ல. எவ்வளவு சிறிய துப்பு! அதைக் கவனிக்க வெளியூர்க்காரர் ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எல்லி என்ற பதினாறு வயதுப் பெண் ஆற்றில் மூழ்கி இறந்தபோது, அவள் எழுதிவைத்த துண்டுச்சீட்டில் ‘ஃபால்க்’ என்ற பெயர் இருந்தது. அந்த ஒரு பெயரே தந்தையையும் மகனையும் ஊரைவிட்டு விரட்டப் போதுமானதாயிற்று. அன்று ஆரனும் லூக்கும் முயல் வேட்டையில் இருந்ததாகச் சொன்னது பொய் என்பதை அறிந்தவர், லூக்கின் தந்தை. அதைச் சுட்டிக்காட்டும் கடிதத்தை அனுப்பித்தான் அவர் ஆரனை ஊருக்கு வரவழைக்கிறார்.

வாசிக்காதவர்கள் இங்கே இருப்பீர்கள் என்பதால் கொலையாளி யார் என்று சொல்லப்போவதில்லை. ஓர் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் தெரிந்த வழியிலேயே ஃபால்க் ஆற்றை நோக்கி நடக்கிறார். கரையை நெருங்கியும் நீரோசை கேட்கவில்லை. மரங்களை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், எல்லியை மூழ்கடித்த ஆறு இருந்த இடத்தில் புழுதி படிந்த ஒரு வடுதான் நீண்டு கிடக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்த இரவு, அதற்குமேல் என்னால் புரட்ட இயலவில்லை.