கால்வாசி நாற்காலி

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் புழுக்கத்திலும் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

சர்வாதிகாரம் விழுந்த நாட்டில் ஜனநாயகத்துக்குப் பெரிய இடைஞ்சல் எது? பழைய ஆட்சி விட்டுப்போன மிச்சமா, மக்களின் பொறுமையின்மையா? நான் மிச்சத்தின் பக்கம். முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, "விலைவாசி ஏறினால் போதும், 'அந்தக் காலமே தேவலை' என்று ஜனங்களே கிளம்பிவிடுகிறார்கள்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணாச்சி, கொஞ்சம் பர்மா வரை போய்வருவோம்.

ரங்கூனில் கடை வைத்திருந்து, 1964-ல் ராணுவ அரசு கடைகளைப் பிடுங்கியதும் வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அந்த ராணுவம் 2008-ல், நர்கிஸ் புயலில் செத்தவர்களை அடக்கம் செய்து முடிப்பதற்குள், ஓர் அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம், தேர்தலே இல்லாமல், சீருடைக்காரர்களுக்கு. சட்டத்தைத் திருத்த முக்கால் பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். கணக்குப் புரிகிறதா? மற்ற அத்தனை பேரும் ஒருத்தர் விடாமல் கை தூக்கினாலும் ஓர் ஓட்டு குறையும்!

பாதுகாப்பு, எல்லை, உள்துறை மூன்றுக்கும் அமைச்சரைத் தளபதியே கொடுப்பார். உள்துறை என்றால் போலீஸ் மட்டும் இல்லை. நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி நிலம், வரி பார்க்கிற நிர்வாகத் துறையும் 2018 கடைசி வரை அதன் கையில்தான். 2015-ல், ராணுவ ஆட்சியை எதிர்த்து நின்ற ஆங் சான் சூச்சியின் கட்சியை ஜெயிக்க வைத்தவர், அப்புறம் ஒரு காரியத்துக்குப் போய் நின்றது பழைய ஆட்களின் மேஜை முன்னால்.

இதோ பக்கத்தில் மானூர். அங்கே கோயிலில் 1,200 ஆண்டுக்கு முந்திய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சபையில் எந்த யோசனை வந்தாலும் 'கூடாது' என்றே முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. (நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்தான் அந்தச் சபையில் உட்கார முடியும். அதை ஜனநாயகம் என்று நான் அளக்க மாட்டேன்.) பர்மாவில் 2020 மார்ச்சில், ராணுவத்தின் பங்கைப் படிப்படியாகக் குறைக்கத் திருத்தம் வந்தது. அந்தக் கால்வாசி நாற்காலி 'கூடாது' என்றது. யாருக்கும் தண்டம் இல்லை. கேட்டவர்களுக்குத்தான் அடுத்த பிப்ரவரியில் ஜெயில்.

சரி, துனீசியா. அண்ணாச்சியின் துருப்புச் சீட்டு. 2011-ல் சர்வாதிகாரி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். 2019-ல் ஜனங்களே பெருவாரியாக அதிபராகத் தேர்ந்தெடுத்த கைஸ் சையது 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தை முடக்க, தெருவில் கொண்டாட்டம். உண்மைதான். புதிய அரசியல் சட்டப்படி அமைத்திருக்க வேண்டிய அரசியல் சாசன நீதிமன்றத்தை இழுத்தடித்ததும் புதுக் கட்சிகள்தான். இதில் அண்ணாச்சிக்கு அரை மார்க் கொடுக்கிறேன். மீதி அரை? நாடாளுமன்ற வாசலை மறித்து நின்ற ராணுவ வண்டிக்கு!

சிலியில் சர்வாதிகாரி பினோசே 1990-ல் அதிபர் பதவியை விட்டார், ஆனால் 1998 வரை ராணுவத் தளபதியாக இருந்தார். விரித்துச் சொல்ல நேரமில்லை, நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்று. சூச்சி கட்சியின் ஆட்சியை ஐந்து வருஷம் அனுபவித்துப் பார்த்த பிறகுதான் 2020 நவம்பரில் பர்மா மக்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். தேர்தல் நடந்த 476 இடங்களில் 396-ஐ அதே கட்சிக்குக் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள். அன்று விடியும் முன்பே ராணுவம் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. இதில் பொறுமை இழந்தது யார்? அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும்.