விழுந்த இடத்தைப் போய்ப் பார்ப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். விடிவதற்கு முன்னால் கொல்லைக்குப் போக எழுந்த என் பெரியம்மா, தாழ்வாரத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்று "வயசாயிடுச்சில்ல" என்றார்கள், இல்லையென்றால் "நேரம் சரியில்ல" என்றார்கள். நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது மேரி டினெட்டியின் ஆராய்ச்சி. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் முதியோர் நல மருத்துவர் அவர். வயதானவர்கள் விழுவதை விதி என்று விட்டுவிடாமல், காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் காரணம் தேடுவது போலத் தேடினார். நியூ ஹேவன் நகரில் தங்கள் வீடுகளிலேயே வசித்துவந்த, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 336 பேரை ஓராண்டு கவனித்து, 1988-ல் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு 32 பேர் அந்த ஓராண்டில் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். தூக்க மாத்திரை, காலில் வலுக்குறைவு, நடையில் தள்ளாட்டம், பாதக் கோளாறு, நினைவுத் தடுமாற்றம் என்று காரணங்களைப் பிரித்து எண்ணினார். இவற்றில் ஒன்றும் இல்லாதவர்கள் விழும் வாய்ப்பு 8 சதவீதம். நான்கும் அதற்கு மேலும் சேர்ந்திருந்தவர்களுக்கு 78 சதவீதம். வயது மட்டுந்தான் காரணம் என்றால் இத்தனை வித்தியாசம் வருமா, சொல்லுங்கள்.

இதைப் படித்த பிறகு பெரியம்மாவின் மஞ்சள் பையை எடுத்துத் திண்ணையில் கொட்டினேன். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூட்டுவலி மாத்திரை; தூக்கம் வரவில்லை என்று யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையும் இருந்தது. எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. பையோடு போய் அவரிடம் காட்ட வேண்டும்.

பிறகு வீட்டைப் பார்த்தேன். நம் பக்கத்து ஓட்டு வீடுகளை உங்களுக்குத் தெரியும். முழங்கால் உயர நிலைப்படி, நடுவில் முற்றம், மழைக்காலம் முழுக்கத் தாழ்வார ஓரத்தில் பாசி. கழிப்பறையோ கொல்லைக் கோடியில். டினெட்டி கண்ட விழுதல்களிலும் 44 சதவீதம், சுற்றுப்புறத்தில் ஏதோ ஓர் ஆபத்து இருந்த இடத்தில் நடந்தவைதான்.

அவருடைய வேலையில் என்னை மிகவும் உலுக்கியது இன்னொன்று. விழுவதை எண்ணியதோடு, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தையும் அளந்தார். குளிப்பது, கட்டிலிலிருந்து எழுவது, உடுத்துவது, சமைப்பது என்று பத்து அன்றாட வேலைகளைச் சொல்லி, விழாமல் செய்துவிடுவேன் என்ற தைரியம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் அளவுகோலை 1990-ல் வெளியிட்டார். நம் வீடுகளில் இந்தப் பயத்தை வளர்ப்பதே நம்முடைய பாசம். "நீங்க சும்மா உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால் நாற்பது வருடம் நடவு நட்ட கால்கள், நான்கு மாதம் நாற்காலியில் கிடந்தால் வலுவிழந்து போகின்றன. அடுத்த விழுதலுக்கு அதுவே வழி. சமைக்க விடுங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்று போட்டுக் கொடுத்து நடக்க விடுங்கள்.

காரணங்களை எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 301 பேரிடம் சோதித்து 1994-ல் எழுதினார். ஒரு பிரிவினருக்கு மருந்துகளைச் சீர்செய்து, பாதுகாப்பாக நடமாடச் சொல்லிக் கொடுத்து, உடற்பயிற்சியும் கற்பித்தார்கள். அதற்குச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே போனார்கள். அந்தப் பிரிவில் ஓராண்டில் விழுந்தவர்கள் 35 சதவீதம். மற்றவர்களில் 47 சதவீதம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே போன்ற முறையை 5,451 பேரிடம் சோதித்து, 2020-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், பலத்த காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. அந்த வேலை பெரும்பாலும் மருத்துவமனைகள் வழியாக நடந்தது. நிலைப்படியையும் பாசியையும் மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

அதனால்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாத்திரையோடு வீடு தேடி வருகிற பெண்களும், இயன்முறை சிகிச்சை தர வருகிறவர்களும் ஏற்கெனவே நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் வரும்போது கொல்லை வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி தூரம் (மூன்று மீட்டர்) நடந்து, திரும்பி வந்து உட்காரப் பெரியவருக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டோ அதற்கு மேலோ ஆனால் கவனம் வேண்டும்.

பெரியம்மா வீட்டில் இப்போது தாழ்வாரத்து ஓரம் சொரசொரப்பான சிமெண்டுத் தரை. கட்டிலிலிருந்து கொல்லைக்கதவு வரை இரவெல்லாம் எரிகிற சின்ன விளக்கு. மருத்துவர் இரண்டு மாத்திரைகளைக் குறைத்தார். போன ஆடிப்பெருக்குக்கு, கைத்தடியோடு பாமணியாற்றுப் படித்துறை வரைக்கும் வந்தார். கீழே இறங்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்து, காப்பரிசியை எங்களுக்கு அவர்தான் பங்கு போட்டார்.

வணக்கம்.