வெறி இல்லை, அன்புதான்!

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கிற பெரியவங்களுக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தலைப்பு, 'ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் வாழ்க்கையில் விஞ்சி நிற்பது வெறியா, அன்பா?' எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் ஒரு வரி சொல்லிக் கைதட்டு வாங்கினார். "320 டன் கப்பலை மலைமேல இழுத்தவனுக்கு அன்பு எதுக்குங்க, அவனுக்குத் தேவை வைத்தியம்!" நீங்களும் சிரிச்சீங்க. விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை.

அண்ணே, பெரு நாட்டுக் காட்டுல 'ஃபிட்ஸ்கரால்டோ' படத்துக்காகக் கப்பலை மலையேத்தினது நெசம். பொம்மைக் கப்பல் போதுமேன்னு ஹாலிவுட்காரங்க சொன்னதும் நெசம். இவர் மாட்டேன்னுட்டார். ஏன்? ஜனங்க தன் கண்ணையே நம்ப முடியாத காலம் வந்துருச்சு, திரையில பார்க்கிறதை அவங்க மறுபடி நம்பணும்னார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற, முகம் தெரியாத மனுஷனை ஏமாத்த மாட்டேன்னு சொன்னா அதுக்குப் பேர் வெறியா? அந்தப் படப்பிடிப்புல ஆட்களுக்கு அடிபட்டது. ஆபத்துன்னு சொல்லிப் பொறியாளர் விலகினார். இதையெல்லாம் நான் மறைக்கலை, மறைக்கவும் கூடாது. ஆனா ஆத்து வெள்ளத்துல கப்பல் பாறையில மோதி ஒளிப்பதிவாளர் கை பிளந்தப்போ ஹெர்சாக் எங்க இருந்தார்? கரையிலயா? அதே கப்பல்ல, அவர் பக்கத்துல இருந்தார்!

இன்னும் கேளுங்க. 1970-ல வந்த இவரோட ஒரு படம். நடிச்சவங்க எல்லாருமே உயரம் குறைஞ்சவங்க. ஒருத்தர் மேல கார் ஏறிடுச்சு. இன்னொருத்தர் மேல தீப்பிடிச்சப்போ ஓடிப்போய் அணைச்சது இவர்தான். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாமப் படம் முடிஞ்சா, நான் கள்ளிக்காட்டுல குதிக்கிறேன், நீங்க படம் பிடிச்சுக்கங்க"ன்னார். படம் முடிஞ்சது. குதிச்சார். முள்ளுங்க முழங்கால்ல ஏறிடுச்சு. நடிகர்கள் பத்திரமா வீட்டுக்குப் போனாங்கன்னு சந்தோஷப்பட்டுக் கள்ளியில குதிச்ச முதலாளி வேற யாராவது இருந்தா அண்ணன் எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்துடறேன்!

சரி, கப்பலை விடுங்க. நான் சொல்ல வந்தது ஒரு நடையைப் பத்தி.

1942-ல மியூனிக்ல பிறந்து, போருக்குப் பயந்து மலைக் கிராமத்துக்குப் போய் வளர்ந்தவர் ஹெர்சாக். வீட்டுல குழாய்த் தண்ணி கிடையாது. முதன்முதலா டெலிபோன்ல பேசினதே 17 வயசுல. அப்படிப்பட்டவருக்கு 1974 நவம்பர்ல பாரீஸ்ல இருந்து ஒரு போன் வருது. "லோட்டே ஐஸ்னர் சாகக் கிடக்கிறாங்க."

யார் இந்த அம்மா? பெர்லின்ல பிறந்த யூதப் பெண். சினிமா விமர்சகர். 1933-ல நாஜிகளுக்குத் தப்பி பாரீஸ் போனாங்க. அங்கேயும் பிடிச்சு முகாம்ல அடைச்சாங்க. அதுல இருந்தும் மீண்டு வந்து, ஜெர்மன் மௌனப் படங்களைப் பத்தி உலகத்துக்கு எடுத்துச் சொன்னாங்க. எந்த நாடு துரத்துச்சோ அந்த நாட்டுச் சின்னப் பசங்க போருக்கப்புறம் கேமராவைத் தூக்கினப்போ, "நல்லா பண்றீங்கடா, நீங்கதான் வாரிசு"ன்னு தட்டிக் கொடுத்ததும் அவங்கதான். சினிமாவுல எங்களுக்கு அப்பாக்கள் இல்லை, மௌனப் படம் எடுத்த தாத்தாக்கள்தான்னு ஹெர்சாக் சொல்வார். அந்தத் தாத்தாக்கள்கிட்ட பேரனைக் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டி இவங்க.

போனை வச்சார். என்ன பண்ணுவோம்? ரயில் டிக்கெட் பார்ப்போம், விமானம் இருக்கான்னு கேட்போம். இவர் ஒரு ஜாக்கெட், ஒரு திசைகாட்டி, ஒரு பை எடுத்துக்கிட்டு, புது பூட்ஸை மாட்டிக்கிட்டு வாசலைத் தாண்டிட்டார். நான் நடந்தே போனா அவங்க சாக மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை!

நம்ம ஊர்ல பெத்த தாய்க்கு முடியலைன்னா பழனிக்கு நடக்கிறோமே, அதேதாங்க. அங்க முருகன் இல்லை, காவடி இல்லை, கூட வர்றதுக்கு ஆள் இல்லை. நவம்பர் 23-ல மியூனிக்ல இருந்து கிளம்பறார். பனி, மழை, ஆலங்கட்டி. புது பூட்ஸ் கடிச்சுக் காலெல்லாம் கொப்புளம். குதிகால் நரம்பு வீங்கிப் போச்சு. வைக்கோல் கொட்டகையில படுக்கிறார். ஆளில்லாத வீடு இருந்தா பூட்டைத் திறந்து உள்ள போய்ப் படுக்கிறார். ரைன் நதியைத் தாண்டறார், பிரான்ஸ்ல இருக்கிற வோஜ் மலையைத் தாண்டறார். சுமார் 800 கிலோமீட்டர்! வழியில ரயில் போயிருக்காதா? பஸ் போயிருக்காதா? ஏறியிருக்கலாமே! கப்பல் இழுத்ததையாவது உலகமே பார்க்கிற மாதிரி படம் பிடிச்சாங்க. இந்த நடையைப் பிடிக்க ஒரு கேமரா கூட இல்லைங்க!

டிசம்பர் 14. பாரீஸ். கதவைத் திறந்தா அந்த அம்மா உயிரோட இருக்காங்க. களைச்சு இருக்காங்க, ஆனா இருக்காங்க. 'உங்களுக்காக நடந்து வந்தேன்'னு சொல்ல இவருக்குக் கூச்சம். வாயே திறக்கலை. யாரோ அவங்களுக்கு போன்ல சொல்லியிருக்கணும். அவங்க ஒண்ணும் கேட்கலை. ஒரு நாற்காலியை மெதுவா இவர் பக்கம் தள்ளினாங்க, காலை நீட்டிக்க.

அண்ணே, ஒரு நாற்காலி! வெறி பிடிச்சவனைப் பார்த்தா நாம கதவைச் சாத்துவோம். சாகக் கிடந்து எழுந்த கிழவி, நிற்கத் தெம்பு இல்லாத கிழவி, இவருக்கு நாற்காலி தள்ளினாங்க. அவங்களுக்குத் தெரியும் அது என்னன்னு.

நடந்தா உயிர் நிற்குமா, மருத்துவம் ஒத்துக்குமான்னு எங்கிட்ட கேட்காதீங்க. அதை நான் வாதம் பண்ண வரலை. அதுக்கப்புறமும் அவங்க வருஷக் கணக்கா இருந்தாங்க. கண் மங்கிப் போச்சு, படிக்க முடியலை, நடக்க முடியலை. ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, "நான் சாகக் கூடாதுன்னு நீ போட்ட மந்திரக் கட்டு இன்னும் என் மேல இருக்கு, போதும், எடுத்துவிடு"ன்னு கேட்டாங்களாம். "எடுத்தாச்சு"ன்னாராம். கொஞ்ச நாள்ல போயிட்டாங்க. 1983. ஹெர்சாக்கே சொல்லியிருக்கார்.

நடுவர் ஐயா, கப்பல் எத்தனை டன்னுன்னு எதிரணி எடை போட்டுக்கட்டும். சாகக் கிடந்த அம்மாவுக்காக வீங்கின காலோட நடந்து வந்த பிள்ளையை 'வெறியன்'னு இந்த மேடையில எழுதி வச்சுட்டுப் போயிடாதீங்க. கையெடுத்துக் கேட்கிறேன், அன்புன்னு தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்!