வடிகால் எங்கே போய் விழுகிறது?

(கும்பகோணத்தில் வாக்காளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

அடுத்த மேயர் யார் என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு நடக்கிறது. ஆனால் வாக்குப்பதிவு எந்திரத்தில் மேயருக்கென்று பொத்தான் கிடையாது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள். இப்போது கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மாநகராட்சியில் 48 வார்டு, ஆக 48 ஓட்டு. 2022 மார்ச் 4 அன்று கும்பகோணத்தின் முதல் மேயர் அப்படித்தான் வந்தார். ஆகவே வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வாசலில் நிற்பவரையே, நாளை மேயராகக் கூடியவர் என்று எடைபோடுங்கள்.

அந்த முதல் மேயர் ஆட்டோ ஓட்டியவர். நாடு முழுக்க அதைப் பேசினார்கள். தொழிலை வைத்து ஆளை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தைப் பாருங்கள். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் உண்டு. எல்லாரும் சொத்து எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் அவருடைய தொழில் என்ன என்றும் கேளுங்கள். வீட்டில் யாராவது மாநகராட்சி டெண்டர் எடுப்பவரா என்று விசாரியுங்கள். அந்தக் கேள்வியை மேடையில் கேட்க ஆள் இல்லை.

இனி வாக்குறுதி. "தெருவுக்குத் தெரு மழைநீர் வடிகால்" என்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியில் அது எங்கே போய் விழுகிறது? வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் தட்டையான ஊர். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிரம்பினால், வடிகாலின் வாயைவிட ஆற்று மட்டம் மேலே நிற்கும். தண்ணீர் வெளியேறாது, எதிர்த்துத் தெருவுக்குள் வரும். வடிகாலின் வாயில் ஆற்றுநீரைத் தடுக்க ஷட்டரும், பக்கத்தில் பம்பும், பம்புக்கு ஜெனரேட்டரும் திட்ட மதிப்பீட்டில் இருந்தால்தான் அது வடிகால். இல்லாவிட்டால் கொசு வளர்க்கும் தொட்டி.

பாதாள சாக்கடைக்கும் இதே சங்கடம். சரிவு போதாத மண்ணில் குழாய் ஆழம் கூடிக்கொண்டே போகும். நடுவே நீரேற்று நிலையம் வைத்துத் தூக்கிவிட வேண்டும். கரண்ட் போய், மாற்று மோட்டாரும் ஓடாவிட்டால், தாழ்ந்த தெருவின் ஆள்நுழைவுக் குழி முதலில் பொங்கும். கணக்கையும் போட்டுப் பாருங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது அளவுகோல். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். ஒரு லட்சம் பேருக்கு 1 கோடியே 8 லட்சம் லிட்டர். குடிநீரைக் கூட்டுவேன் என்பவர், சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவைச் சொல்லாமல் நகரக் கூடாது.

"காவிரியைச் சுத்தம் செய்வேன்" என்பதும் வரும். ஆறு நீர்வளத் துறையுடையது. ஆற்றில் சாக்கடையைக் கொண்டுவந்து விடும் குழாயோ பெரும்பாலும் மாநகராட்சியுடையது. எத்தனை குழாய், எந்தெந்த வார்டில், எதை முதலில் அடைப்பார்? இதற்குப் பதில் வைத்திருப்பவர் ஊரை நடந்து பார்த்தவர்.

பணம்? சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, அரசு மானியம். வரியைக் குறைப்பேன், செலவைக் கூட்டுவேன் என்று ஒரே மூச்சில் சொல்பவரிடம் பட்ஜெட் புத்தகத்தை நீட்டுங்கள். தீர்மானம் போடுவது மன்றம், நிறைவேற்றுவது கமிஷனர் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

முக்கியமானது மகாமகம். 2016க்குப் பிறகு 2028 மாசியில் வருகிறது. இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. புதிதாக வருகிறவர்களுக்குக் கையில் ஏறக்குறைய ஓராண்டுதான். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று இதிலேயே மாதங்கள் போகும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பள்ளம் தோண்டினால் களிமண் சரியும். குழாய் பதித்த பள்ளத்தை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்காமல் மேலே தார் ஊற்றினால், அடுத்த மழையில் சாலை உள்வாங்கும், குழாய் இணைப்பும் விட்டுப்போகும். அந்தச் சாலையில்தான் லட்சக்கணக்கானோர் நீராட மகாமகக் குளத்துக்கு நடப்பார்கள். ஆகவே 2027 புரட்டாசிக்குள் தோண்டி மூடக்கூடிய வேலைகள் எவை, மகாமகத்துக்குப் பிறகு என்று தள்ளிவைப்பவை எவை என்று வேட்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.