மளிகைச் சீட்டு என்றாரே எதிரணி நண்பர்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவைப் பாடும் கிராமத்துப் பாட்டை நிலைக்க வைப்பது உருக்கமா, விவரமா? விவரம்தான் என்கிறது எங்கள் அணி. சாட்சிக்கு அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியிலிருந்து ஒரே பாட்டு. லொரெட்டா லின் தானே எழுதிப் பாடி 1970-இல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்', அதாவது கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அப்பா டெட் வெப். ஊர் கென்டக்கி மலைப்பக்கத்துப் புட்சர் ஹாலோ. பிள்ளைகள் எட்டுப் பேர், லொரெட்டா இரண்டாவது.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "கரி, மக்காச்சோளம், பன்றி, ஷூ... இது பாட்டா, மளிகைச் சீட்டா?" கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, அந்தச் சீட்டைக் கொஞ்சம் பிரித்துப் படிப்போமே!

கோடையில் காலில் போட ஒன்றுமில்லை. குளிர்காலம் வந்தால் எல்லோருக்கும் புது ஷூ. வாங்கியது தபால் கேட்லாக்கில், அதாவது பட்டியல் புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தது. காசு பன்றி விற்றது. பாட்டில் வருவது இவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது?

முதலில் பன்றி. குட்டி விற்கிற எடைக்கு வர ஆறு மாதமாவது தீனி போட வேண்டும். குளிருக்கு முன் விற்க வேண்டுமென்றால் வசந்த காலத்திலேயே குட்டி கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற கோடையிலேயே ஷூ வளர ஆரம்பித்துவிட்டது! தீனி? அந்த மலையில் பன்றியைக் கொழுக்க வைப்பது மக்காச்சோளம். ராத்திரியெல்லாம் வான் லியர் சுரங்கத்தில் உழைத்தவர், பகலெல்லாம் மக்காச்சோளக் கொல்லையில் களை கொத்தினார் என்று அதே பாட்டு சொல்கிறது. இன்னொன்றும் கேளுங்கள். குளிர் நன்றாக இறங்கிய பிறகுதான் அங்கே பன்றி அறுப்பார்கள். முன்னால் அறுத்தால் உப்பு உள்ளே ஏறுமுன் கறி கெட்டுவிடும். அந்த உப்புக்கறிதான் குளிர்காலச் சாப்பாடு. விற்ற பன்றி அந்தச் சாப்பாட்டில் குறைந்த பன்றி. பிள்ளைகளின் காலில் ஏறியது தட்டிலிருந்து இறங்கியது ஐயா!

அடுத்து கேட்லாக். போட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. காகிதத்தின் மேல் பிள்ளையை நிறுத்தி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து அளவு எடுப்பது அந்தக் கால வழக்கம். உட்கார வைத்து இழுத்தால் அளவு குறைந்துவிடும். பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் ஷூ கடிக்கும். அச்சாக எடுத்தாலும் ஆபத்து, குளிர் முடியுமுன் கால் வளர்ந்துவிடும். ஒரு அளவு கூட்டி வாங்கி, நுனியில் துணியோ காகிதமோ அடைக்க வேண்டும். இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் எத்தனை பாதம், எத்தனை கோடு! ஒன்று தப்பினால் திருப்பி அனுப்பி வேறு வரும்வரை பனியில் வெறுங்கால். இது மளிகைச் சீட்டா ஐயா?

பாட்டிலேயே அன்பு என்ற சொல் வருகிறதே என்பார்கள். வருகிறது. ஏழைகள்தான், ஆனால் அன்பு இருந்தது, அதை அப்பா பார்த்துக்கொண்டார் என்று வருகிறது. அந்த மூச்சோடு என்ன வருகிறது? அவர் கரி அள்ளினார் என்று வருகிறது. அன்பு என்று சொன்ன கையோடு மண்வெட்டியைக் காட்டிவிட்டார். நீளம் அதிகம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். அந்த வெட்டுக்குப் பிறகும் பன்றி நின்றது, ஷூ நின்றது!

மணி அடித்துவிட்டார்கள். அணிக் கணக்கு இருக்கட்டும், ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன்.

கரித்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சதை தழும்பேறி இறுகும். மூச்சு சிறுகச் சிறுகக் குறையும். ஆறவைக்க மருந்து கிடையாது. சுரங்கக் காற்றில் தூசி இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1969 டிசம்பரில். மகள் இந்தப் பாட்டைப் பதிவு செய்ததும் அதே 1969-இல்தான். டெட் வெப்புக்கும் அந்த நோய் இருந்தது. அவர் 1959-லேயே போய்விட்டார். வயது 52. மகளின் முதல் இசைத்தட்டு வந்தது 1960-இல்.

ஒரு தட்டுக்கூட அவர் கேட்கவில்லை, ஐயா. பன்றி விற்றதையும் ஷூ வந்ததையும் மகள் கணக்கு வைத்திருந்தது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

வணக்கம்.